உப்புக்குத் தப்பிய இரும்பு

மொன்ட்ரியலுக்கு வடக்கே 15-ஆம் எண் நெடுஞ்சாலையும் 640-ஆம் எண் நெடுஞ்சாலையும் சந்திக்கும் இடத்தில் ஃபோபூர் புவாபிரியான் இருக்கிறது. பெரிய கடைகள், உணவகங்கள், அடுக்குமாடி வீடுகள் என்று புதிதாக எழுந்த பகுதி அது. அதே நிலத்தில் 1965 முதல் 2002 வரை ஜெனரல் மோட்டார்ஸின் சென்-தெரேஸ் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்தது. 1993-இல் வந்த நான்காம் தலைமுறை செவ்ரோலே கமரோவும் அதன் உடன்பிறப்பான போன்டியாக் ஃபயர்பேர்டும் கடைசி வண்டி வரை தயாரானது இங்கேதான். முன்பு கமரோ செய்துவந்த அமெரிக்க ஆலைகளில் ஓஹையோவின் நார்வுட் 1987-இலும் கலிஃபோர்னியாவின் வான் நைஸ் 1992-இலும் மூடப்பட்டுவிட்டன. 2002 ஆகஸ்ட் 27 அன்று, கூரை மடங்கும் சிவப்புக் கமரோ ஒன்று வரிசையின் கடைசியாக வெளியே வந்தது. அந்த மாதத்தோடு ஆலையின் கதையும் முடிந்தது.

மஸல் கார் என்றதும் டெட்ராய்ட்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் கமரோ வம்சத்தின் பத்தாண்டு கால வரலாறு முழுக்கப் பிரெஞ்சு பேசும் கியூபெக் தொழிலாளர் கைகளில் நடந்தது. 1970-இல் இதே ஆலையில் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தில், பிரெஞ்சு மொழியிலேயே வேலை செய்யும் உரிமை ஒரு முக்கியக் கோரிக்கையாக இருந்தது. 1987-இல் ஆலை மூடும் நிலைக்கு வந்தபோது ஒட்டாவா அரசும் கியூபெக் அரசும் சேர்ந்து 22 கோடி டாலரை வட்டியில்லாக் கடனாகக் கொடுத்துக் காப்பாற்றின. அந்தப் பணத்தில் பிழைத்த ஆலையிலிருந்து வந்த கார்கள்தான் இன்று மொன்ட்ரியல் வீட்டுக் கராஜ்களில் ஜாக் ஸ்டாண்டுகளின் மேல் நிற்கின்றன. ஒரு வண்டி அந்த ஆலையில் பிறந்ததா என்று பார்க்க, கண்ணாடிக்குக் கீழே டேஷ்போர்டில் பதித்த 17 இலக்க எண்ணைப் படித்தால் போதும். முதல் எண் 2 என்றால் கனடா. பதினோராவது எண்ணும் 2 என்றால் சென்-தெரேஸ்.

நடுத்தர அளவுள்ள, அதிக விலையில்லாத உடலுக்குள் பெரிய வி-8 எஞ்சினைத் திணிப்பதுதான் மஸல் காரின் சூத்திரம். 1964-ஆம் ஆண்டு போன்டியாக் ஜி.டி.ஓ. இதைப் பிரபலமாக்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் ஃபோர்டு மஸ்டாங் வந்தது. அதற்குப் பதிலடியாக ஜெனரல் மோட்டார்ஸ் 1966 செப்டம்பரில் கமரோவை இறக்கியது. எழுபதுகளின் தொடக்கத்தில் காப்புறுதிக் கட்டணம், புகைக்கட்டுப்பாட்டு விதிகள், 1973-இன் எண்ணெய் நெருக்கடி மூன்றும் சேர்ந்து அந்தப் பொற்காலத்தை முடித்துவைத்தன. சென்-தெரேஸ் கார்கள் அதன் இரண்டாம் வரவு. 1967-இன் இஸட்/28 காகிதத்தில் 290 குதிரைத்திறன் காட்டியது; 1998-இன் இஸட்28, எல்.எஸ்.1 எஞ்சினோடு 305 காட்டியது. பழங்கார் உலகில் 25 வயதைப் பொதுவான எல்லைக்கோடாக வைத்துப் பேசுவார்கள். 2027-இல் இவற்றின் கடைசி வண்டியும் அந்தக் கோட்டைத் தாண்டுகிறது.

ஒரு மஸல் காரை வாங்கி வீட்டிலேயே மீட்டெடுக்க நினைப்பவர்கள் முதலில் பேசுவது எஞ்சினைப் பற்றி. எத்தனை குதிரைத்திறன், எந்தக் கார்புரேட்டர், எந்தக் கேம்ஷாஃப்ட் என்றுதான் பேச்சு போகும். டெக்ஸாஸிலோ அரிசோனாவிலோ இருப்பவருக்கு அந்த வரிசை சரியாக இருக்கலாம். மொன்ட்ரியலில் அது தலைகீழ். இங்கே காரின் ஆயுளைத் தீர்மானிப்பது அடிப்பக்கத்து இரும்பு. பணமும் உழைப்பும் முதலில் அதற்குப் போக வேண்டும், அடுத்து பிரேக்குக்கு, எஞ்சினுக்குக் கடைசியில்.

காரணம் சாலையில் கொட்டும் உப்பு. மொன்ட்ரியலில் ஒரு குளிர்காலத்தில் ஏறத்தாழ 2 மீட்டர் பனி விழுகிறது. பனியை உருக்க உப்பு; குளிர் மைனஸ் 15 டிகிரிக்குக் கீழே போனால் உப்பு சரியாக வேலை செய்யாது என்பதால் சரளைக் கல். கல் பெயிண்டைப் பெயர்க்கும், பெயர்ந்த இடத்தில் உப்புத் தண்ணீர் புகும். உப்புத் தண்ணீர் எளிதில் உறையாது, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மின்சாரத்தையும் நன்றாகக் கடத்தும். துருவுக்கு இதைவிட வசதி வேண்டியதில்லை. குளிர்கூடினால் துரு வேகம் குறையும், சூடுகூடினால் அதிகரிக்கும். அதனால் உப்பு படிந்த காரைக் கழுவாமல் வெதுவெதுப்பான கராஜில் நிறுத்துவது, வெளியே உறைபனியில் விடுவதைவிடக் கெடுதல். பிரியமாகப் பூட்டிவைத்த எத்தனையோ வண்டிகள் இப்படித்தான் அழுகின.

நான்காம் தலைமுறைக் கமரோவில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதன் முன் ஃபெண்டர், கதவின் வெளித்தோல், கூரை, பின்கதவு எல்லாம் பிளாஸ்டிக் வகைப் பொருட்கள். துரு பிடிக்கும் தகடு வெளியே தெரிவது பானெட்டிலும் பின்சக்கரத்துப் பக்கத் தகடுகளிலும் மட்டும்தான். இருபத்தைந்து வருடம் உப்பில் ஓடிய வண்டிகூடப் பாலிஷ் போட்டு நிறுத்தினால் பளபளவென்று இருக்கும். கீழே படுத்துப் பார்த்தால்தான் கதை தெரியும். கதவுக்குக் கீழே ஓடும் படிப்பெட்டி, ஜாக்கி வைக்கும் விளிம்பு, பின் ஆக்ஸிலைப் பிடிக்கும் இடங்கள், எஞ்சினைத் தாங்கும் முன்சட்டம், பிரேக் குழாய், பெட்ரோல் குழாய் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அனுபவசாலிகள் ஒரு காந்தமும் ஒரு மழுங்கிய ஸ்க்ரூடிரைவரும் கொண்டுபோவார்கள். தகடு இருக்க வேண்டிய இடத்தில் காந்தம் ஒட்டவில்லை என்றால் உள்ளே பட்டி. ஸ்க்ரூடிரைவரால் அழுத்தும்போது தகடு உள்வாங்கினால் அங்கே இருப்பது பெயிண்ட் மட்டும்.

படிப்பெட்டியை மாற்றும் வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். வீட்டு மீட்பின் கஷ்டமும் அழகும் இதில் தெரியும். இந்தக் கார்களுக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, உடலே சட்டம். படிப்பெட்டியை அறுத்தெடுத்த நிமிடத்தில் கதவுத் திறப்பின் அளவு மாறத் தொடங்கும். அதனால் அறுக்கும் முன்பே கதவைக் கழற்றி, திறப்பின் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாக வெல்டிங் செய்து கட்டிவிடுகிறார்கள். பழைய ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து, அழுகிய தகட்டைப் பிரித்து, நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போகவேண்டும். இங்கே கஞ்சத்தனம் கூடாது. அரை அங்குலத் துருவை விட்டுவைத்து அதன் மேல் புதுத் தகட்டை ஒட்டினால், சில குளிர்காலங்களில் அதே இடம் மீண்டும் வாய் பிளக்கும். புதுத் தகட்டில் துளையிட்டு மிக் வெல்டரால் அடைக்கும்போது ஒரே இடத்தில் தொடர்ந்து சூடு கொடுத்தால் தகடு நெளிந்துவிடும்; ஒரு புள்ளி இங்கே, அடுத்தது ஒரு சாண் தள்ளி என்று மாறி மாறி வைக்க வேண்டும். கடைசியில் எப்பாக்ஸி பிரைமர், அதற்குமேல் பெட்டிக்குள் நீளக்குழாய் விட்டு மெழுகோ எண்ணெயோ தெளிப்பது. கியூபெக்கில் இலையுதிர் காலம் வந்தாலே காரின் அடியில் துருத்தடுப்பு எண்ணெய் அடிக்கக் கூட்டம் நிற்கும். மீட்டெடுத்த காருக்கும் அந்த வருடாந்தரச் சடங்கு உண்டு.

சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இதே டிங்கரிங் வேலையை வருடம் முழுக்கச் செய்யலாம். மொன்ட்ரியலில் பருவம் பார்த்துத்தான் செய்ய முடியும். மே முதல் அக்டோபர் வரை ஓட்டுவதற்கு நல்ல மாதங்கள். வேலைக்கு நேரம் கிடைப்பதோ நவம்பருக்குப் பிறகு. அப்போது சூடேற்றாத கராஜில் எப்பாக்ஸியும் பெயிண்டும் காயாது, இரும்பில் ஈரம் படியும். ஆகவே அறுப்பது, வெல்டிங், எஞ்சின் பிரிப்பது எல்லாம் குளிர்காலத்தில், பெயிண்ட் கோடையில் என்று பிரித்துக்கொள்கிறவர்கள் நிதானமாக முடிக்கிறார்கள். கராஜே இல்லாதவர்கள் வீட்டு வாசலில் குழாய்ச் சட்டமும் வெள்ளைத் துணியும் கொண்டு எழுப்பும் ‘டெம்போ’ கூடாரத்தை நம்புகிறார்கள். அது பனியைத் தடுக்கும். ஆனால் அந்தத் துணிக்குள் வெல்டிங் செய்யக்கூடாது. எஞ்சினை ஓடவிடவும் கூடாது, கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். கூடாரம் போடலாமா, எந்த மாதம்வரை என்பதெல்லாம் நகரின் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகிறது. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம் என்பதால், பெரும்பாலான பழங்கார்க்காரர்கள் வண்டியை உள்ளே நிறுத்திவிட்டதாக வாகனப் பதிவு அமைப்பான எஸ்.ஏ.ஏ.கியூ.வுக்குத் தெரிவித்துவிட்டு வசந்தம்வரை ஓட்டுவதே இல்லை.

இரும்பு உறுதியான பிறகு எஞ்சினுக்கு வரலாம். 1993 முதல் 1997 வரையிலான இஸட்28 வண்டிகளில் இருப்பது எல்.டி.1 என்ற 5.7 லிட்டர் வி-8. நல்ல எஞ்சின், ஒரே ஒரு பலவீனத்தோடு. தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரை எஞ்சினின் முன்பக்கம், தண்ணீர்ப் பம்புக்கு அடியிலேயே வைத்துவிட்டார்கள். ‘ஆப்டிஸ்பார்க்’ என்று பெயர். உள்ளே நுண்ணிய 360 பிளவுகள் வெட்டிய ஒரு தட்டு சுழலும், அதன் ஊடாகப் போகும் ஒளியைச் சென்சார் எண்ணும். மேலே பம்பின் சீல் தேய்ந்து கூலன்ட் சொட்டத் தொடங்கினால் அது நேராக இதன் தலையில்தான் விழும். அதனால் பம்பை மாற்றும்போதே ஆப்டிஸ்பார்க்கையும் பார்த்துவிடுவது வழக்கம். பிந்தைய ஆண்டுகளில் ஈரத்தை உறிஞ்சி வெளியேற்றும் காற்றுக்குழாயோடு கூடிய வகை வந்தது. பழைய வண்டிக்கு அதைப் பொருத்துவது வீட்டிலேயே செய்யத்தக்க நல்ல மேம்பாடு.

மேம்பாடு என்று சொல்லும்போது ஒரு கேள்வி ஓயாமல் எழுகிறது. பழையதைப் பழையபடியே வைப்பதா, இன்றைய வசதிக்கு மாற்றுவதா? இரண்டு தரப்பும் சூடாக வாதிடும். திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிகிற மாற்றமா, முடியாததா என்று பார்த்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். இதே கமரோவில் நல்ல உதாரணம் இருக்கிறது. பெட்ரோல் பம்ப் டாங்கிக்குள் இருக்கிறது. அதை மாற்ற எக்ஸாஸ்டைக் கழற்றி, பின் ஆக்ஸிலை இறக்கி, டாங்கியைக் கீழே கொண்டுவர வேண்டும். இரண்டு நாள் வேலை. பலர் பின்பக்கத் தரையில் ஒரு சதுரத்தை அறுத்துத் திறந்து, ஒரு மணி நேரத்தில் பம்பை மாற்றி, தகட்டை ரிவெட் அடித்து மூடிவிடுகிறார்கள். பெட்ரோல் ஆவிக்குப் பக்கத்தில் அறுப்புத் தீப்பொறி ஆபத்து என்பது ஒருபுறம். உடலே சட்டமாக உள்ள காரில், உப்பு தெறிக்கும் ஊரில், பெயிண்ட் போன விளிம்புகளோடு தரையில் ஒரு புதுத் திறப்பை உண்டாக்குவது அதைவிட மோசம். துருவை விரட்டப் பாடுபட்டவர் அதற்குக் கதவு திறந்துவைக்கலாமா?

மாறாக, பிரேக் குழாய்களைச் செம்பு-நிக்கல் கலவைக் குழாய்களாக மாற்றுவதில் எந்தத் தயக்கமும் வேண்டியதில்லை. தொழிற்சாலையில் போட்ட எஃகுக் குழாய் உப்பால் வெளியிலிருந்து அரிபடும். திடீரென்று பிரேக் மிதி தரைவரை போகும்போதுதான் தெரியவரும். செம்பு-நிக்கல் குழாய் துருப்பிடிப்பதில்லை, கையாலேயே வளையும், நுனியை இரட்டை மடிப்பாக விரிப்பதும் சுலபம். அறுபதுகளின் கார்களுக்கு இன்னும் அதிகம் தேவைப்படும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், ஒற்றை மாஸ்டர் சிலிண்டர் என்று வந்த வண்டியில் ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போயிற்று. இரட்டை மாஸ்டர் சிலிண்டர், முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், மூன்று புள்ளி சீட் பெல்ட், ரேடியல் டயர் ஆகிய நான்கும் காரின் முகத்தை மாற்றுவதில்லை, உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றுகின்றன. அசல் தன்மை கெடுகிறது என்று இவற்றை எதிர்ப்பவர்களின் வாதத்தை ஏற்க முடியாது.

பழைய டிரம்மைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. அந்தக் காலப் பிரேக் பட்டைகளில் கல்நார் இருக்கும். தூசியைக் காற்றுக்குழாயால் ஊதக்கூடாது, ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். அந்தக் கல்நார் வந்த இடங்களில் ஒன்று மொன்ட்ரியலுக்குக் கிழக்கே உள்ள சுரங்க ஊர். கல்நாரின் பெயரையே தன் பெயராக வைத்திருந்தது. 2020-இல் அந்த ஊர் பெயரை மாற்றி வால்-தே-சூர்ஸ் ஆனது. கனடா 2018-இல் கல்நார்ப் பொருட்களுக்குத் தடைவிதித்துவிட்டது. பழைய கார்களுக்குள் இருப்பது இன்னும் இருக்கிறது.

குதிரைத்திறன் கூட்டுவதற்கு இப்போது அதிகம் போகும் வழி எல்.எஸ். மாற்று. 1998 முதல் கமரோவில் வந்த எல்.எஸ்.1, அலுமினியப் பிளாக் கொண்டது, எடை குறைவு, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இயங்குவது. அடிபட்ட வண்டியிலிருந்து அதைக் கழற்றி 1969-ஆம் ஆண்டுக் காரில் பொருத்துகிறார்கள். குளிர்ந்த காலையிலும் ஒரே திருப்பில் உயிர் வருகிறது, பெட்ரோலும் மிச்சம். இதன் மறுபக்கம், ஒரு கமரோ வாழ இன்னொரு கமரோ சாகிறது. எஞ்சினைப் பெருக்குகிறவர்கள் பின் ஆக்ஸிலையும் நினைக்க வேண்டும். நான்காம் தலைமுறையின் பத்து போல்ட் ஆக்ஸில், ஒட்டும் டயரும் கூடுதல் பலமும் சேர்ந்தால் கிரவுன் பினியனில் பல் உதிர்க்கும் என்று பெயர் வாங்கியது. சட்டமும் உண்டு. சைலன்சரை மாற்றி வண்டியை அதிகச் சத்தம் போடவைப்பதற்குக் கியூபெக் சாலைப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. வேறு மாகாணத்திலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வரும் வண்டி பதிவுக்கு முன் இயந்திரப் பரிசோதனைக்குப் போக வேண்டும். கடும் விபத்தில் சிக்கியதாகப் பதிவான வண்டியை மீட்டால் படங்கள், பாகங்களின் ரசீதுகள் எல்லாம் கோப்பாகத் தயாராக இருக்க வேண்டும். ஆரம்பித்த நாளிலிருந்தே ஒவ்வொரு ரசீதையும் ஒவ்வொரு படத்தையும் சேர்த்துவைக்கிறவர்களுக்குக் காப்புறுதி மதிப்பீட்டின்போதும் அது கைகொடுக்கிறது.

கோட்-தே-நேஜிலும் பார்க் எக்ஸ்டென்ஷனிலும் வேரூன்றிய ஈழத்தமிழர்களில் மூத்தவர்களுக்குப் பழைய காரை உயிரோடு வைத்திருப்பது புதிய செய்தி இல்லை. யாழ்ப்பாணத்தில் ஆஸ்டின் ஏ40-உம் மொறிஸ் மைனரும் தலைமுறை தாண்டி ஓடின. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் கிடைக்காதபோது கார்புரேட்டரில் சில துளி பெட்ரோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அது நடந்ததற்குப் பொறியியல் காரணம் உண்டு: அந்தச் சிறிய எஞ்சின்களின் அழுத்த விகிதம் 7-க்கு 1 என்ற அளவில்தான். 10-க்கு மேல் அழுத்தும் எல்.டி.1-க்கு மண்ணெண்ணெய் ஊற்றினால் தட்டித் தட்டியே பிஸ்டன் போய்விடும். கிடைக்காத பாகத்தை லேத்தில் கடைந்து போட்ட அந்தக் கைப்பழக்கம் இந்தத் துறையில் பெரிய சொத்து. வீட்டு மீட்பைப் பணக்காரர் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்கள் யாழ்ப்பாணத்து வீதிகளை நினைத்துப்பார்க்க வேண்டும்.

எரிபொருள் மொன்ட்ரியலிலும் பிரச்சினைதான், வேறு வகையில். கனடாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 1990 டிசம்பரில் நின்றது. அறுபதுகளின் எஞ்சினுக்கு ஹெட் வேலை செய்யும்போதே கடினப்படுத்திய வால்வு சீட்டுகளைப் போட்டுவிடுவது நல்லது. கியூபெக்கில் 2023-இல் பெட்ரோலில் சராசரியாக 10 சதவீதம் தாவர வகை எரிபொருள் கட்டாயமானது; அது படிப்படியாக உயர்ந்து 2030-இல் 15 ஆகிறது. அப்படிக் கலக்கும் எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை மென்மையாக்கும், காற்றின் ஈரத்தை இழுக்கும். ஐந்தாறு மாதம் அசையாமல் நிற்கும் காரில் அந்த ஈரம் தனியே பிரிந்து டாங்கியின் அடியில் தேங்கும். அதனால் நவம்பரில் டாங்கியை நிரப்பி, பெட்ரோல் கெடாமலிருக்கும் திரவம் சேர்த்து, அது கார்புரேட்டர்வரை போகும்படி கொஞ்சம் ஓட்டிவிட்டு நிறுத்துவார்கள். பழைய தட்டை டாப்பெட் எஞ்சின்களுக்குத் துத்தநாகம் கூடுதலாக உள்ள ஆயில் வேண்டும். இன்றைய சாதாரண ஆயிலில் அதைக் குறைத்துவிட்டார்கள், கேம்ஷாஃப்ட் தேயும். மின்சாரக் காராக மாற்றுவதும் பேசப்படுகிறது. நீர்மின்சாரத்தில் வாழும் கியூபெக்கில் அதற்கு நியாயம் இருக்கிறது. ஆனால் பாட்டரியின் எடையும் செலவும் வீட்டுக் கராஜுக்கு இன்னும் அதிகம்.

அசலை மதிப்பவர்களுக்குக் கனடாவில் ஒரு வசதி உண்டு. அமெரிக்கச் செவ்ரோலேகளின் பழைய தயாரிப்புப் பதிவேடுகள் பெரும்பாலும் இல்லை. கனடாவில் விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கோ, வண்டி எண்ணைக் கொடுத்து அசல் தயாரிப்பு விவரத்தைக் கட்டணம் செலுத்திப் பெறலாம். எந்த எஞ்சின், எந்த நிறம், என்னென்ன வசதிகள் என்பது காகிதத்தில் வந்துவிடும். செவெல் உடலில் போன்டியாக் அலங்காரத்தோடு கனடாவுக்கென்றே வந்த பியூமான்ட் எஸ்.டி.396 போன்ற அபூர்வ வண்டிகளில் அந்தக் காகிதம் உண்மையையும் போலியையும் பிரித்துக்காட்டுகிறது. எல்.எஸ். எஞ்சினைத் திணிக்கும் முன் இந்தக் காகிதத்தை வரவழைத்துப் பார்ப்பது அவசியம். பாதியில் அறுத்த பிறகு அரிய வண்டி என்று தெரிந்து பயனில்லை.

பாகங்கள் விஷயத்தில் வயதுக்கும் வசதிக்கும் சம்பந்தமே இல்லை. 1969 கமரோவுக்கு முழு உடலையே புதிதாக அச்சடித்து டைனகார்ன் போன்ற நிறுவனங்கள் விற்கின்றன. தரைத்தகடு, படிப்பெட்டி, டிக்கி எல்லாம் பெட்டியில் வந்துசேரும். சென்-தெரேஸில் செய்த 1995 வண்டிக்கு அந்தச் சுகமில்லை. அதன் உட்புற பிளாஸ்டிக், பின்பக்கத் தகடு, கதவுத் தோல் போன்றவற்றுக்குப் பழைய இரும்புக் கடைகளும் உடைந்த வண்டிகளும்தான் கதி. விலை ஏறாத காருக்கு யாரும் புதிதாக அச்சு வெட்டுவதில்லை; விலை ஏறும் நேரத்தில் கழற்றிக்கொள்ள வண்டி மிஞ்சியிருப்பதில்லை. இந்த இடைவெளியில்தான் இப்போது இந்தக் கார்கள் இருக்கின்றன. மீட்க நினைப்பவர்கள் இரண்டாவதாக ஒரு துருப்பிடித்த வண்டியை வாங்கி, அதன் கண்ணாடி, சீட்டு, ஒயரிங், பிளாஸ்டிக் துண்டுகளைப் பெயரெழுதிப் பெட்டிகளில் அடுக்கிவைப்பதற்கு இதுதான் நேரம். அதன் அடிச்சட்டம் அழுகியிருந்தாலும் கவலையில்லை. துருப்பிடிக்காத பிளாஸ்டிக் ஃபெண்டரும் கதவுத் தோலும்தான் அதில் தேடப்படுவது.